உப்பும் கரியும் ஈரமும்

எர்த் குழிக்குக் கல்லுப்புதான் போட வேண்டும். பொடியுப்பு ஒரு மழைக்கே கரைந்து போய்விடும். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர். நான் சொல்லப்போவதில் மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று யாருக்காவது உதவும்.

என்னை யாரும் பிடித்து வரவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கரமனையில் என் வீட்டிலிருந்து குளித்து, ஜபம் முடித்து, சாப்பிட்டுவிட்டு நானேதான் நடந்து வந்தேன். ஊர் ஒரு பொருளின் மேல் அநியாயமாகப் பழி சுமத்துகிறது. அது வாயில்லாப் பொருள். அதற்காகப் பேச இந்தத் திருவனந்தபுரத்தில் என்னை விட்டால் ஆள் இல்லை.

என் பெயர் வெங்கடசுப்ரமணியன். வீடுகளுக்கு மின்சாரக் கம்பி இழுத்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர். மதராஸில் படித்து சர்டிபிகேட் வாங்கியவன். ஆனால் சாலைக் கடைத்தெருவில் இந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. ஊறுகாய் ஐயர் என்று கேளுங்கள், மூட்டை தூக்குகிறவன்கூட மூட்டையை இறக்கிவைத்துவிட்டு வழி காட்டுவான். அந்தப் பெயரில் எனக்கு வருத்தம் எதுவும் கிடையாது. எப்படி வந்தது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

ஆரியசாலையில் மிளகு மொத்த வியாபாரம் செய்யும் குற்றாலலிங்கம் பிள்ளையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன்னால் கடை, பின்னால் வீடு. திருநெல்வேலிக்காரர். கை தாராளம், வாயும் தாராளம். வைகாசியில் இடவப்பாதி மழை வந்தால் நம் ஊரில் மின்சாரம் எந்த நேரத்தில் நிற்கும் என்று சொல்ல முடியாதல்லவா? பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் ஒன்றும் அதோடு சேர்ந்த டைனமோவும் வரவழைத்தார். தெரு முழுவதும் இருட்டில் கிடக்கும்போது அவர் வீடு மட்டும் கோயில் மாதிரி ஜொலிக்கும். ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு நின்று பார்ப்பார்கள். கிணற்றடியில் மின்சார மோட்டார் ஒன்றும் வைத்தார். ஊர் மின்சாரம் நின்றால் சுவிட்சை மாற்றிவிட்டு டைனமோவில் ஓட்டலாம். எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்தவன் நான். எஞ்சினை ஓட்ட சுவாமிதாஸ் என்று ஒருவரையும் அமர்த்திக் கொடுத்தேன். மார்த்தாண்டத்துப் பக்கம், கிறிஸ்தவர், என்னிடம் வேலை கற்றவர்.

எர்த் என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்குள் ஓடும் மின்சாரம், கம்பியின் மேலுறை நைந்தால், மோட்டாரின் இரும்பு உடம்புக்கு வந்துவிடும். பார்த்தால் தெரியாது. சத்தமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த இரும்பிலிருந்து ஒரு கம்பியை இறக்கி, மண்ணுக்குள் ஒரு செப்புத் தகட்டோடு முடுக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும். அப்போது தப்பிய மின்சாரம் அந்த வழியே மண்ணுக்குப் போகும். ஃப்யூஸ் எரியும், மனிதர் பிழைப்பார். அந்த வழி இல்லையென்றால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இரும்பைத் தொடுகிறவர் எவரோ அவரே வழி. ஊர் மின்சாரத்துக்கு ஊரில் எர்த் கொடுத்திருப்பார்கள். தனியாக டைனமோ ஓட்டுகிறவன் தன் எர்த்தைத் தானே கொடுத்துக்கொள்ள வேண்டும்.

இதைத்தான் பிள்ளையின் கிணற்றடியில் குழி வெட்டிக்கொண்டே அன்றைக்கும் சொன்னேன். அவர் கடைக்கு வந்த வியாபாரிகள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். பிள்ளை இடுப்பில் கை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"சாமி, உப்பைப் போடுதீரு, கரியைப் போடுதீரு, மூடி வைக்கீரு. ஊறுகாயா போடுதீரு? எப்பம் எடுத்துச் சாப்பிடலாம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வெளையாட்டு இல்லை, கேட்டேளா. மின்சாரத்துக்கு மண்ணுக்குப் போக ஒரு வழி வேணும். நாம குடுக்கலேன்னா நம்ம தேகத்தையே வழியாக்கிண்டுடும்" என்றேன். "செரி செரி, ஊறட்டும்" என்றார் பிள்ளை. அடுத்த சிரிப்பு முன்னதைவிடப் பெரியது.

அந்த வாரமே பெயர் பழவங்காடிவரை போய்விட்டது. பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் விற்கிறவன், "மாங்காயோ நாரங்காயோ, சாமீ?" என்று கேட்டான். டைனமோ வாங்கிய பெரிய வீடுகளுக்குப் போய் எர்த்தைப் பற்றி நான் வாயெடுத்தால், வீட்டுக்காரர் முகத்தில் முதலில் ஒரு சிரிப்பு வந்து நிற்கும். அதைத் தாண்டித்தான் நான் பேச வேண்டும். என் மனைவி லலிதாம்பாள்கூட ஒரு நாள், இலையில் ஊறுகாய் பரிமாறும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் ஊறுகாய் போடுவதில்லை. எனக்குக் காரம் ஒத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

பாதுகாப்பு என்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். அது ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது? எர்த் போட்ட வீடுகளில் எதுவும் நடக்கவில்லை. போடாத வீடுகளிலும் எதுவும் நடக்கவில்லை. பிடிவாதமாக நடக்கவில்லை. மழைக்கு மழை நான் காத்திருந்தேன். அதாவது, கவலையோடு காத்திருந்தேன்.

நான் சொன்னதைச் சிரிக்காமல் கேட்டவர் ஒருவர் உண்டு. பிள்ளையின் மனைவி வடிவாம்பாள். ஒரு தடவை கிணற்றடியில் அந்த அம்மாள்தான் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டார்: உப்பு எதற்கு, கரி எதற்கு, ஏன் ஈரம் காயக்கூடாது. நான் சொல்லச் சொல்லத் தலையாட்டாமல், கண்ணை எடுக்காமல் கேட்டார். தலையாட்டுகிறவர்கள் கேட்பதில்லை, அனுபவத்தில் சொல்கிறேன். கடைசியில் ஓர் இளநீர் சீவிக் கொடுத்தார். இளநீர்தானே, எங்களுக்கு தோஷமில்லை.

"பயப்படுதவுகளுக்குத்தானே சாமி பாதுகாப்பு வேணும். எங்க வீட்டுல அவுகளுக்குப் பயமே கெடையாது. அதனால அவுகளுக்கும் சேத்து நான் பயப்படுதேன்" என்றார்.

அன்றிலிருந்து தினம் விடியற்காலையில் அந்தக் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார், துளசிக்கு ஊற்றுவதுபோல. நான் சொல்லி அதுவரை யாரும் எதையும் அப்படிச் செய்ததில்லை.

தை மாதம் பிள்ளையின் மகளுக்குக் கல்யாணம். பின்கட்டில் சமையல் பந்தல் போட்டார்கள். சமையல்காரர் ஒருவர் குழியின் விளிம்பில் கால் வைத்து விழுந்து, சாம்பார் அண்டாவோடு உருண்டார். பிள்ளை எனக்கு ஆளனுப்பினார்.

"குழியை மூடும் சாமி. சிமிண்டு போடப் போறேன். எவனாவது விழுந்து காலை ஒடிச்சா யாரு பதில் சொல்லது? பாதுகாப்பு வேணும்லா?"

பாதுகாப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கம்பியை அறுத்து, தகட்டைத் தோண்டி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வீடு அவருடையது. சொன்னதைச் செய்வது என் தொழில். எர்த் இல்லாமல் டைனமோவை ஓட்டுவது ஆபத்து என்று கடை ஆட்கள் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் வந்தேன். இதற்கு சாட்சி நிறைய உண்டு.

கல்யாணம் முடிந்த மறு வாரம் வடிவாம்பாள் சுவாமிதாஸிடம் சொல்லி என்னை வரவழைத்தார். கிணற்றுக்கு அந்தப் பக்கம், வாழைகளுக்கு நடுவில் ஓர் இடம் காட்டினார்.

"இங்கன போட்டுத் தாங்க சாமி. அவுக இந்தப் பக்கம் வர மாட்டாக. தெரிஞ்சா ஊரைக் கூட்டிச் சிரிப்பாக. தண்ணி நான் ஊத்திக்கிடுதேன், வாழைக்கு ஊத்துதேன்னு நெனச்சுக்கிடுவாக."

நான் சம்மதித்தேன். சுவாமிதாஸைக் கடைத்தெருவுக்கு ஆணி வாங்க அனுப்பிவிட்டு நானே குழி வெட்டினேன். எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, கை கொப்பளித்தது. கரியும் கல்லுப்பும் அந்த அம்மாளே கொண்டுவந்து கொடுத்தார். மோட்டாரிலிருந்து கம்பியை வாழைச் சருகுக்கு அடியில் மறைத்துக் கொண்டுவந்து குழிக்குள் இறக்கி மூடினேன். அவர் முதல் குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு அந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்குப் பயம் போய்விட்டது. அந்த வீட்டில் மோட்டாரைத் தொட வேலைக்காரர்கள் எல்லோரும் அஞ்சுவார்கள். சமையல்காரி கயிறு போட்டுத்தான் தண்ணீர் இறைப்பாள். பிள்ளைக்குக் கடையை விட்டு வர நேரமில்லை, மோட்டாரைத் தொடவே மாட்டார். மோட்டார் ஒரு மரப்பலகையின் மேல் இருந்தது. அதன் உடம்போடு சேர்ந்த இரும்புக் கைப்பிடியை இழுத்தால் ஓடும். தினம் விடிந்ததும் அதை இழுப்பது வடிவாம்பாள் ஒருவர்தான். நீ தொடு, ஒன்றும் ஆகாது, ஐயர் எர்த் போட்டிருக்கிறார் என்று சமையல்காரிக்கு தைரியம் சொல்வாராம்.

இடவம் பிறக்கும் முன் மோட்டாரைச் சரிபார்க்கப் போனேன். மழைக்கு முன் எல்லா வீட்டுக்கும் போவது என் வழக்கம். மோட்டாரின் மூடியைத் திறந்து பார்த்து மூடினேன். அன்றும் இளநீர் கொடுத்தார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நான் பழவங்காடியில் இருந்தேன். கோயிலைச் சுற்றியிருந்த விளக்குகள் ஒரு தடவை மினுங்கி அணைந்தன. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. ஆரியசாலை அங்கிருந்து கூப்பிடு தூரம். மழைச் சத்தத்தையும் மீறி, பிள்ளையின் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் நின்று கேட்டேன். கேட்டது. ஒரு தேங்காய் வாங்கி, விக்கினம் எதுவும் வராமல் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

சுவாமிதாஸ் கரமனைக்கு ஓடி வந்தபோது உடம்பெல்லாம் மழை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாரே, அம்மா போயிட்டாங்க. நான்தான் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினது. சுவிட்சை மாத்தினதும் நான்தான். அம்மா கைப்பிடியைப் பிடிச்ச கை விடல்லை சாரே. நான் கொன்னுட்டேன்."

"அம்மாளைத் தொடறதுக்கு முன்னாடி எஞ்சினை நிறுத்தினயோ?" என்று கேட்டேன்.

"நிறுத்தினேன் சாரே. நீங்க சொல்லித் தந்த மாதிரி."

"சபாஷ்" என்றேன். உண்மையாகவே எனக்குத் திருப்தியாக இருந்தது. பதற்றத்தில் பலர் அதைத்தான் மறப்பார்கள், இரண்டாவது உயிரும் போகும். தான் கொன்றுவிட்டதாக அவர் சொன்னதற்கு நான் பதில் சொல்லவில்லை. சில விஷயங்களை அவரவரே யோசித்துத் தெளிய வேண்டும். அவர் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்வி.

நான் போனபோது பிள்ளை முற்றத்தில் மழையில் நின்றுகொண்டிருந்தார். அத்தனை பெரிய மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல அழுதார்.

"நீரு படிச்சுப் படிச்சுச் சொன்னீரே சாமி. நான் சிரிச்சேனே. குழியை நானே மூடச் சொன்னேனே. அவளை நான்லா கொன்னுபோட்டேன்."

அவரையும் நான் மறுக்கவில்லை. மனிதர் துக்கத்தில் இருக்கும்போது வாதம் செய்யக்கூடாது.

ஒரு சாவு செய்த வேலையைப் பாருங்கள். கருமாதி முடிந்த கையோடு பிள்ளையே வீடு வீடாக ஏறி இறங்கினார். வக்கீல் வீடு, டாக்டர் வீடு, சாலையில் டைனமோ வைத்திருந்த கடைகள், ஓர் இடம் விடவில்லை. என் வீட்டுக்காரியை நான் பறிகொடுத்தேன், நீங்கள் பறிகொடுக்காதீர்கள் என்று கெஞ்சினார். என் வாசலில் ஆட்கள் வந்து காத்திருந்தார்கள். கிழக்கேகோட்டையில் ஒரு கூட்டம் போட்டு என்னைப் பேசச் சொன்னார்கள். உப்பு, கரி, ஈரம் எல்லாம் சொன்னேன். ஒருவர் முகத்தில் சிரிப்பில்லை. முன்வரிசையில் பிள்ளை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெங்கடசுப்ரமண்ய ஐயர் என்று என் பெயரை முழுதாகச் சொல்லி மாலை போட்டார்கள். இந்த ஊரில் எத்தனை உயிர் அந்தக் கூட்டத்தால் பிழைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நான் யோசித்தேன். கணக்கு வடிவாம்பாளுக்கும் திருப்தியாகவே இருந்திருக்கும்.

எல்லாம் அப்படியே இருந்திருந்தால் நான் இங்கே வர வேண்டியதில்லை.

போன வாரம் காற்றில் வாழைகள் சாய்ந்தன. அவற்றை வெட்டி அப்புறப்படுத்திய ஆட்கள் சருகுக்கு அடியில் கம்பியைப் பார்த்துவிட்டார்கள். இழுத்துப் பார்த்தால் அது ஒரு குழிக்குள் போகிறது. குழியின் மேல்வாயில் கரியும் உப்பும். சமையல்காரி அப்போதுதான் வாயைத் திறந்து, அம்மாள் ரகசியமாக எர்த் போட்டுக்கொண்டதையும் தினம் தண்ணீர் ஊற்றியதையும் சொல்லியிருக்கிறாள்.

பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? "குழி இருந்தும்லா செத்திருக்கா. அப்பம் இந்தக் குழியால ஒரு பிரயோசனமும் இல்லை."

அவ்வளவுதான். மூன்று நாளில் ஊர் திரும்பிவிட்டது. வக்கீல் வீட்டில் நான் போட்ட கம்பியைப் பிடுங்கி வேலிக்குக் கட்டியிருக்கிறார்கள். டாக்டர் செப்புத் தகட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். நேற்று சாலையில் ஒருவன் என்னைப் பார்த்து, "ஐயரே, ஊறுகாய் கெட்டுப்போச்சா?" என்றான். நான் நின்று யோசித்தேன். எர்த்தின் பெயர் கெட்டுவிட்டது. நான் சாகும்வரை சரி செய்ய முடியாத அளவுக்குக் கெட்டுவிட்டது. அதனால்தான் வந்தேன்.

குழி நிரபராதி, இன்ஸ்பெக்டர். இரண்டு ஆட்களை மண்வெட்டியோடு அனுப்பித் தோண்டச் சொல்லுங்கள். அதற்குள் தகடு கிடையாது. மேலே ஒரு சாண் கரியும் உப்பும், கீழே வெறும் மண். கம்பி தகட்டைத் தொடவில்லை, மண்ணைக்கூடத் தொடவில்லை; முனையை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் விட்டு மெழுகு வைத்து அடைத்திருக்கிறேன். எத்தனை குடம் ஊற்றினாலும் அதற்குள் ஈரம் போகாது. அது எர்த்தே இல்லை. இல்லாத எர்த்தைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

தகடு என் பையில்தான் இருந்தது. எடுத்தேன்கூட. அந்த நேரத்தில் கடைப்பக்கம் பிள்ளையும் அவர் சிநேகிதர்களும் எதற்கோ சிரித்தார்கள். என்னைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. தகட்டைத் திரும்பப் பையில் வைத்தேன். அந்தச் சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாக நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம்.

மழைக்கு முன் மூடியைத் திறந்தபோது, டைனமோவிலிருந்து வரும் கம்பியின் மேலுறையைக் கொஞ்சம் சுரண்டி இரும்பில் படும்படி வைத்தேன். ஊர் மின்சாரம் வேறு கம்பியில் வருகிறது; அது இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. டைனமோ ஓடினால்தான். நாள் குறித்தது நான் இல்லை, மழை.

ஏன் பிள்ளை இல்லை, ஏன் அந்த அம்மாள் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பிள்ளை மோட்டாரைத் தொட மாட்டார் என்று முன்பே சொன்னேன். தொடுகிற ஆள்தானே வேண்டும்? என் பேச்சைத் தட்டாமல் கேட்டு, சொன்னபடி தினம் செய்கிறவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். வேறு யாரை நம்பி நான் இதைச் செய்திருக்க முடியும்? அவரிடம் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. சொல்லப்போனால் மிகுந்த மரியாதை.

ஆம், வடிவாம்பாளைக் கொன்றவன் நான்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே நிபந்தனை, இது நாளைக்கே பத்திரிகையில் வர வேண்டும், தகடு இல்லை என்பது தெளிவாக வர வேண்டும். கோபத்தினாலோ அவமானத்தினாலோ செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களை நான் மனத்தில் வைத்துக்கொள்கிறவன் இல்லை.

இன்னொன்று. உங்கள் ஸ்டேஷன் வராந்தாவில் இருக்கும் இரும்பு சுவிட்ச் பெட்டிக்கு எர்த் இல்லை. உள்ளே வரும்போது வாசலில் நின்ற ஹெட் கான்ஸ்டபிளிடம் அதைச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். உயரமானவர், இடது புருவத்தில் ஒரு தழும்பு. அவர் பெயர் என்ன?